ஆள் நடமாட்டம் இல்லாத கெமர் கோயில்கள்: அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

கம்போடியாவின் வடக்கே, கோ கெர் காட்டுக்குள், பிரசாத் சென் என்று ஒரு கோயில் இருக்கிறது. கெமர்கள், அதாவது கம்போடியர்கள், கட்டியது. பெரிய கோயில் ஒன்றும் இல்லை. செம்புறாங்கல் மதில், சரிந்த கோபுரங்கள், மிச்சமெல்லாம் மரமும் புதரும்தான். 10ஆம் நூற்றாண்டில் அதன் மேற்கு வாசல் மண்டபத்துக்குள் ஒரு பாரதக் காட்சி நின்றது. பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதும் கடைசிச் சண்டை. பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாண்டவர்கள், பலராமன். எல்லாம் சுவரில் செதுக்கிய புடைப்புகள் இல்லை. தனித்தனியே நிற்கும் முழுச் சிலைகள். வாசலைக் கடப்பவர் சண்டைக்களத்துக்குள்ளேயே நுழைவதுபோல் இருந்திருக்கும்.

பிற்காலத்தில் தொல்லியலாளர்கள் அங்கே மண்ணை விலக்கிப் பார்த்தபோது பீடங்கள் இருந்தன. பீடங்களின் மேல் பாதங்கள் இருந்தன. கணுக்காலுக்கு மேலே எதுவும் இல்லை. 1972 வாக்கில், உள்நாட்டுப் போரின் நடுவே, சிலைகளை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாரதக் கதையில் துரியோதனனுக்கு முறிந்தது தொடை. இங்கே கணுக்கால்.

"கூட்டமே இல்லாத கெமர் கோயில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தப் பாதங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கேட்பவர் மனதில் இருப்பது ஒரு படம்: வேர் பற்றிய கோபுரம், பறவைச் சத்தம், நாம் மட்டும். அந்தப் படம் பொய்யில்லை, இன்றைக்கும் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த இடங்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று கேட்டுவிட்டுப் போனால்தான் அங்கே கண்ணில் படுவதற்கு அர்த்தம் புரியும். சில கோயில்களில் ஆள் மட்டுமல்ல, சாமியும் இல்லை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் கூட்டத்தைப் பார்ப்போம். அது ஏன் ஒரே இடத்தில் போய்க் குவிகிறது? அங்கோர் வாட் அவ்வளவு பெரியது, அவ்வளவு அழகு என்பது பாதிப் பதில்தான். 1907இல் சயாம் நாடு (இன்றைய தாய்லாந்து), கெமர்களின் பழைய தலைநகரான அங்கோர் இருந்த வட்டாரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கம்போடியாவிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே அங்கே கோயில் பாதுகாப்புக்கென ஓர் அலுவலகம் வந்துவிட்டது. காட்டை வெட்டினார்கள், கற்களை அடுக்கினார்கள், கார் போகப் பாதை போட்டார்கள். ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் 'சிறு சுற்று', 26 கிலோமீட்டரில் 'பெரிய சுற்று' என்று இரண்டு வழிகள். இன்றைக்கும் அங்கோரை ஒட்டிய சியம் ரீப் ஊரில் துக்துக் ஓட்டுநர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, சிறு சுற்றா பெரிய சுற்றா என்பதுதான். நூறு வருடத்துக்கு முன் யாரோ போட்ட கோட்டின் மேல்தான் உலகமே சுற்றிக்கொண்டிருக்கிறது. 1992இல் யுனெஸ்கோ பட்டியல், அப்புறம் விமான நிலையம், விடுதிகள், 37 டாலர் ஒருநாள் சீட்டு. 2018இல் அந்தச் சீட்டு வாங்கிய வெளிநாட்டார் ஏறத்தாழ 26 லட்சம் பேர். கொரோனாவுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் விடியற்காலை 5 மணிக்கு அங்கோர் வாட்டின் தாமரைக் குளக்கரையில் நிற்க இடம் தேடவேண்டியதுதான்.

இந்தச் சுற்றுகளுக்கு வெளியே இருப்பதையெல்லாம் 'ஒதுக்குப்புறக் கோயில்கள்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கட்டியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கெமர் பேரரசு இன்றைய தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோஸின் தெற்கிலும் பரந்து கிடந்தது. அங்கோரிலிருந்து இன்றைய தாய்லாந்தில் இருக்கும் பிமாய்க்கு ஒரு பெருவழி. பெங் மீலியா, கோ கெர் வழியாக லாவோஸின் வாட் பூவுக்கு இன்னொன்று. 1191ஐச் சேர்ந்த, அங்கோரின் பிரே கான் கோயில் கல்வெட்டு, மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் இப்படிப்பட்ட வழிகளில் இருந்த 121 தங்குமனைகளைக் கணக்குச் சொல்கிறது. அதில் பிமாய் வழியில் மட்டும் 17. தா புரோம் கல்வெட்டு 102 மருத்துவமனைகளைச் சொல்கிறது. சியம் ரீப்பிலிருந்து இன்றைய தலைநகர் புனோம் பென்னுக்குப் போகும் 6ஆம் எண் நெடுஞ்சாலையில் கம்போங் க்டேய் என்ற ஊரில், அந்தக் காலத்துச் செம்புறாங்கல் பாலம் ஒன்று 80 மீட்டருக்கு மேல் நீளமாக, இரண்டு பக்கமும் நாகப் படம் எடுத்து நிற்கிறது. புறவழிச்சாலை போடும்வரை லாரிகளே அதன்மேல் போய்வந்தன. பேருந்தில் தூங்கிக்கொண்டே அதைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆக, இந்த இடங்கள் ஒருகாலத்தில் வழியோரமாகவும் சந்திப்பாகவும், சில தலைநகராகவும் இருந்தவை. கோ கெர் அப்படி ஒரு தலைநகர்.

அதன் பழைய பெயர் சோக் கர்கியார். லிங்கபுரம் என்றும் சொன்னார்கள். நான்காம் ஜெயவர்மன் அங்கோரை விட்டு வடகிழக்கே வந்து, 928 முதல் இங்கிருந்தே முழு நாட்டையும் ஆண்டான். 944இல் தலைநகர் திரும்ப அங்கோருக்கே போய்விட்டது. இருபது வருடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் அவன் கட்டி முடித்ததைப் பார்த்தால், ஏதோ அவசரத்தில் இருந்தவன்போல் தெரிகிறது. பிரசாத் தோம் கோயிலுக்குப் பின்னால் ஏழு அடுக்குப் படிப் பிரமிடு, உயரம் 36 மீட்டர் அளவு. அங்கோரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கெமர் கட்டடமாகவே தெரியாது. மெக்சிகோவில் இருப்பதாகச் சொன்னால் நம்பிவிடலாம். உச்சியில் திரிபுவனேஸ்வரர் என்ற லிங்கம் இருந்தது. இப்போது இல்லை. மரப்படி போட்டிருக்கிறார்கள், மேலே ஏறினால் நாலாபுறமும் காடு மட்டும்.

பிரமிடைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. தவறு. கோ கெரின் உயிர், பெரும் ஏரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு கோயில்களில் இருக்கிறது. சில கருவறைகளில் ஆளுயர லிங்கங்கள் ஆவுடையோடு அப்படியே நிற்கின்றன. அபிஷேக நீர் சுவரைத் துளைத்து வெளியே போகும் வழிகூடத் தெரிகிறது. அவை ஏன் இன்னும் அங்கே இருக்கின்றன என்பதற்குப் பக்தி காரணம் இல்லை. எடைதான் காரணம்.

சிலைகளின் கதை வேறு. கோ கெருக்கு முன்பு கெமர் சிற்பி பொதுவாகச் சாமியை நேராக, அசையாமல் நிறுத்தினான். மெலிந்த கால்கள் மேலுடம்பின் எடையைத் தாங்காது என்று பின்னால் கல்லாலேயே முட்டுக் கொடுத்தான். கோ கெரில் அந்தப் பயம் போய்விட்டது. வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்கிறார்கள், பீமனும் துரியோதனனும் காலை அகட்டி மோதுகிறார்கள். பிரசாத் க்ரஹாம் வாசல் கோபுரத்துக்குள் ஐந்து முகமும் பத்துக் கையுமாக ஒரு பிரம்மாண்ட ஆடல்வல்லான் இருந்தான். இப்போது அது ஆயிரக்கணக்கான துண்டுகளாக, நிபுணர்கள் ஒட்டிப் பார்க்கும் புதிராகிவிட்டது. இந்தத் துணிச்சல்தான் கோ கெர் பாணியின் பெருமை. திருடனுக்கு வசதியும் அதுவே. சுவரோடு ஒட்டாத, நாலு பக்கமும் செதுக்கிய, அசைவுள்ள சிலை, ஏலக் கூடத்தில் விலைபோகும் சரக்கு. அதன் மெலிந்த இடம் கணுக்கால். அங்கே உளியை வைத்தால் போதும்.

2011 மார்ச்சில் அந்தத் துரியோதனன் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலப் பட்டியலில் வந்தான், 20 முதல் 30 லட்சம் டாலர் மதிப்பீட்டோடு. கம்போடியா ஆட்சேபிக்க, ஏலம் நின்றது. 2012இல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. வழக்கில் சாட்சி சொன்னது, ஒரு வகையில், காட்டில் கிடந்த பாதங்கள்தான்: உடைந்த இடமும் உடைந்த இடமும் பொருந்தின. இதற்கிடையே நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த, மண்டியிட்ட நிலையிலான இரண்டு சிலைகளை 2013இல் திருப்பிக் கொடுத்தது. 2014இல் துரியோதனன், பீமன், பலராமன் மூவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். பீமன் அதுவரை கலிபோர்னியாவில் நார்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருந்தான்.

அதோடு முடியவில்லை. பிரசாத் க்ரசாப் என்ற கோயிலிலிருந்து 1997இல் ஒரு முருகன் காணாமல் போனான். மயில்மேல் அமர்ந்த ஸ்கந்தன், நம் கண்ணுக்கு அறிமுகமே தேவைப்படாத உருவம். அவனும், சில டன் எடையுள்ள ஒரு பிள்ளையாரும், 2022இல் அமெரிக்கா திருப்பித் தந்த 30 பொருள்களில் இருந்தார்கள். பாங்காக்கில் வாழ்ந்த டக்ளஸ் லாட்ச்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வணிகர் மேல், இப்படிக் கடத்திய கெமர் கலைப்பொருள்களை விற்றதாக 2019இல் அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. விசாரணைக்கு வருமுன் 2020இல் அவர் இறந்துவிட்டார். திருட்டை நடத்திய பழைய ஆட்களில் சிலர், வயதான காலத்தில், கம்போடிய அதிகாரிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய் எந்தக் குழியிலிருந்து எதை எடுத்தோம் என்று காட்டியிருக்கிறார்கள். எந்தச் சிலை எந்தப் பீடத்தில் நின்றது என்பது திருடியவனுக்குத்தான் தெரிந்திருந்தது. விசித்திரமான அறிவுச் சேமிப்பு!

2023இல் கோ கெர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சியம் ரீப்பிலிருந்து சாலை நன்றாக இருக்கிறது, காரில் இரண்டரை மணி நேரம் போதும். கூட்டம் இன்னும் வந்துவிடவில்லை. வரும்.

பந்தியே ச்மார் அதற்கு நேர் எதிர்த் திசையில், வடமேற்கில், சிசொபொன் நகருக்கு 60 கிலோமீட்டர் வடக்கே. தமிழில் எழுதினால் 'சுமார்' என்று படித்துவிடுவீர்கள். கோயில் சுமார் ரகம் இல்லை. அங்கோர் தோமின் பாயோன் கோயிலில் பார்க்கும் அதே புன்னகை முகக் கோபுரங்கள் இங்கே புதருக்கு மேலே எட்டிப் பார்க்கின்றன. ஏழாம் ஜெயவர்மன் காலத்து வேலை, 12ஆம் நூற்றாண்டின் இறுதி. நடுக்கோயில் ஸ்ரீந்திரகுமாரன் என்ற இளவரசனுக்கு. அவனைச் சுற்றி நான்கு மூலைகளில், அவனோடு போரில் நின்ற நான்கு வீரர்களின் உருவங்கள் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. திருச்சுற்றுச் சுவர் முழுக்கக் கதை: இன்றைய வியட்நாமில் இருந்த சாம்பா நாட்டாரோடு படகுப் போர், பாற்கடல், படை நடப்பு.

மேற்குச் சுவர்தான் புகழ்பெற்றது. பல கைகளோடு நிற்கும் அவலோகிதேஸ்வரர் (பௌத்தர் வணங்கும் கருணை வடிவம்) உருவங்கள் எட்டு, வரிசையாக. இப்போது இடத்தில் இருப்பவை இரண்டு. ஒன்றுக்கு 32 கை, மற்றதற்கு 22. 1998 இறுதியில் ராணுவ உடையில் வந்தவர்கள் கருவிகளோடும் லாரிகளோடும் அந்தச் சுவரைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்தார்கள். ஒளிந்து வந்து ஒரு தலையைக் கொய்து போகிற வேலை இல்லை இது. ஒரு சுவரையே இடம் மாற்றும் கட்டுமானப் பணி. 1999 தொடக்கத்தில் தாய்லாந்துப் போலீஸ் ஒரு லாரியை மறித்தபோது 117 துண்டுகள் அகப்பட்டன. அதில் இரண்டு அவலோகிதேஸ்வரர்கள் இருந்தார்கள். அவை கம்போடியாவுக்குத் திரும்பி, புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த லாரியில் இல்லாத கற்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுவரில் அந்த இடம் இன்றைக்கும் வெட்டவெளி. கோயிலுக்குள் நுழைந்து ரசித்துக்கொண்டே போகிறவர், ஒரு வாக்கியம் பாதியில் நின்றதுபோல், அங்கே நின்றுவிடுவார்.

இவ்வளவு துணிச்சலாக எப்படி முடிந்தது? 1970இல் தொடங்கிய போர், கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சி முடிந்த 1979க்குப் பிறகும் வடக்கிலும் மேற்கிலும் ஓயவில்லை. 1998 வரை எல்லைக் காடுகளில் கெமர் ரூஜ் படை இருந்தது. போரிட்ட எல்லாத் தரப்புக்கும் பணம் தேவைப்பட்டது. மரமும் மாணிக்கமும் சிலையும் விலைபோனது. கோயில் இருந்த இடத்தில் சட்டம் இல்லை, சாலை இல்லை, சுற்றிலும் கண்ணிவெடி. 1979 முதல் கண்ணிவெடியிலும் வெடிக்காத குண்டுகளிலும் சிக்கிய கம்போடியர்கள் 60,000க்கும் மேல். அதில் மூன்றில் ஒரு பங்கினர் போல் இறந்துபோனவர்கள். பெங் மீலியாவில்கூட வெடிகளை அகற்றி முடிக்க 2007 ஆனது. பயணிகள் வராததால் அமைதி; அமைதியாக இருந்ததால் கொள்ளை. சுற்றுலாக் கையேடுகள் 'தீண்டப்படாத கோயில்' என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான். தீண்டாத கை எது பாக்கி இருக்கிறது?

பந்தியே ச்மார் கிராமத்தார் 2000களின் பின்பாதியிலிருந்தே தாங்களே சேர்ந்து பயணிகளைக் கவனிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஊர் வீடுகளில் தங்கலாம், ஊர்ச் சமையல் கிடைக்கும், வழிகாட்டியும் ஊர்க்காரரே. பட்டு நெசவும் உண்டு. கம்போடியாவில் ஒரே ஒரு இரவு அங்கோருக்கு வெளியே தங்க முடியும் என்றால் நான் இங்கேதான் சொல்வேன். ஒரு நிபந்தனையோடு. இது தாய்லாந்து எல்லைக்குப் பக்கம். 2025 ஜூலையில் இரு நாட்டுக்கும் ஐந்து நாள் கடும் சண்டை நடந்தது, டிசம்பரில் மறுபடியும். சண்டைக்கு ஒரு காரணமே எல்லைக்கோட்டில் நிற்கும் கெமர் கோயில்கள்: தா முவென், தா க்ரபே, கூடவே பிரே விஹியர். செங்குத்து மலை விளிம்பில் நிற்கும் பிரே விஹியர் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 1962இல் தீர்ப்புச் சொன்னது, 2013இல் விளக்கமும் சொன்னது. பீரங்கிக்கு அது கேட்கவில்லை. ஆகவே எல்லைப் பக்கம் எந்தக் கோயிலுக்குக் கிளம்பினாலும், போன வருடப் பயணக் குறிப்பை நம்பாமல், அந்த வாரத்து நிலவரத்தை அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லைத் தகராறு எதுவும் இல்லாத, மனதுக்கு இதமான இடம் வேண்டுமென்றால் சம்போர் பிரே குக். கம்போங் தோம் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர். அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது. 7ஆம் நூற்றாண்டில் ஈசானவர்மன் ஆண்ட ஈசானபுரம் இதுதான். 20,000 குடும்பங்கள் வாழ்ந்த நகரம் என்று சீனத்துச் சூய் வம்ச வரலாறு எழுதிவைத்திருக்கிறது. இந்த ஈசானவர்மனின் தந்தை பெயர் மகேந்திரவர்மன். ஏறத்தாழ அதே சமயத்தில் காஞ்சியிலும் ஒரு மகேந்திரவர்மன். பெயர் ஒற்றுமையை வைத்துக் கதை கட்டவேண்டாம், 'வர்மன்' பட்டம் அன்று கடல் கடந்து எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எழுத்து விஷயத்தில் உறவு உறுதியானது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. கெமர் மொழியில் ஆண்டு குறித்த மிகப் பழைய கல்வெட்டு 611ஐச் சேர்ந்தது. சம்போர் நிலைக்கற்களில் இருக்கும் வரிகளைக் குனிந்து பார்த்தால் பொருள் புரியாது. ஆனால் எழுத்தின் வளைவுகள், பல்லவர் கால எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு ஏதோ தெரிந்த முகம்போல் இருக்கும்.

இங்கே எல்லாம் செங்கல். இணைப்பு தெரியாமல் ஒட்டிய செங்கலின்மேலேயே நேரடியாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிறகுள்ள உயிர்கள் தூக்கிச் செல்லும் 'பறக்கும் மாளிகைகள்' சுவருக்குச் சுவர் உண்டு. எண்கோணக் கோயில்கள் 10 இருக்கின்றன. வேறு எங்கும் இவ்வளவு சேர்ந்து பார்க்க முடியாது. சிங்கக் கோயில் ஒன்று. முழுக்க வேருக்குள் போய்விட்ட சிறு கோயில் ஒன்று. ஊர்க்காரர்கள் 'பொவன் பாட்டி கோயில்' என்று அழைக்கும் தெற்குத் தொகுதி ஒன்று. பல கெமர் கோயில்களின் இன்றைய பெயர்கள் இப்படித்தான். மன்னன் வைத்த சமஸ்கிருதப் பெயர் மறந்துபோய், 'தா' என்றால் தாத்தா, 'யே' என்றால் பாட்டி என்று வீட்டு உறவில் கூப்பிடுகிறார்கள். கோயில்களுக்கு நடுவே வட்டவட்டமாகப் பள்ளங்கள் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். குளம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளின் தடம் அவை.

பெங் மீலியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கோர் வாட்டின் வரைபடத்தையே எடுத்துச் சரியவிட்டதுபோல் ஒரு கோயில். மரப்பாதையில் நடக்கலாம். முற்பகலில் பேருந்துகள் வந்துவிடும், அதற்கு முன் போங்கள். அங்கோருக்குள்ளேயே தா நெய் என்ற சிறு கோயிலுக்குக் காட்டுவழியில் நடந்தால், பக்கத்து தா புரோமில் ஆயிரம் பேர் நிற்கும் நேரத்தில் உங்களைத் தவிர நாலு பேர் இருப்பார்கள். மதிய உணவு வேளையில் பெருங்கோயில்களே கொஞ்சம் மூச்சு விடும். வெயில் தாங்கவேண்டும், அவ்வளவுதான்.

லாவோஸின் வாட் பூ வேறு ரகம். அங்கே அமைதி போரின் மிச்சம் இல்லை. சம்பாசக் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலை உச்சியில் இயற்கையாகவே லிங்கம்போல் ஒரு பாறை. அதனால் மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர். பாறையடி ஊற்றிலிருந்து நீரை வாய்க்காலாக இழுத்து, கருவறை லிங்கத்தின் மேல் ஓயாமல் விழும்படி செய்திருந்தார்கள். லிங்கம் போய் புத்தர் வந்து பல நூறாண்டு ஆகிறது. ஊற்று இன்னும் சொட்டுகிறது. தண்ணீரைப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்ளும் ஊர்ச்சனம் இன்னும் வருகிறது. தாய்லாந்துப் பக்கம் அணைந்த எரிமலை மேல் பனோம் ருங் இருக்கிறது. வருடத்தில் சில நாள் அதன் 15 வாசல்களையும் சூரியன் ஊடுருவும்; அன்றைக்குப் போனால் திருவிழாக் கூட்டம். அதன் பள்ளிகொண்ட பெருமாள் உத்திரக்கல்லும் 1960களில் காணாமல் போய், சிகாகோவில் கண்டுபிடிக்கப்பட்டு, 1988இல் திரும்பியதுதான். மலையடியில் நாகக் குளங்களோடு இருக்கும் முவாங் தாம் கோயிலை மேலே போனவர்களில் பாதிப் பேர் எட்டிப் பார்ப்பதில்லை.

வழிகாட்டி இல்லாத இடிபாட்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறவர்கள் உண்டு. சில விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும். கருவறைக்கு உண்மையான வாசல் பெரும்பாலும் கிழக்கே ஒன்றுதான். மற்ற மூன்று பக்கமும் கதவுபோல் செதுக்கிய பொய்வாசல்கள். கற்களில் வரிசையாகத் தெரியும் வட்டத் துளைகள் குண்டு பாய்ந்தவை அல்ல, கல்லைத் தூக்கி இழுக்க முளை அடித்த இடங்கள். (குண்டு பாய்ந்தவையும் உண்டு. அவை வரிசையாக இருக்காது.) இரும்புப் பட்டை வைத்து இணைத்த கற்களில் அந்த இரும்பை எடுக்க யாராவது நோண்டியிருப்பார்கள். கருவறை நடுவே சதுரக் குழி இருந்தால், பீடத்தைப் புரட்டி அடியில் வைத்த பொன்னைத் தேடிய கை. அந்தத் திருட்டுக்கு வயது ஐம்பது வருடமாகவும் இருக்கலாம், ஐந்நூறாகவும் இருக்கலாம். கூரை ஏன் விழுந்தது என்றால், கெமர் கொத்தர்கள் வளைவுக் கல்லைப் பூட்டிக் கட்டவில்லை. இரண்டு பக்கமும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி அடுக்கி மேலே சேர்த்தார்கள். வேர் ஒரு கல்லை நெம்பினால் மற்றவை நிற்காது. அதனால்தான் திருச்சுற்றுக்குள் கற்குவியலில் ஏறாதீர்கள் என்கிறார்கள். பாம்பும் ஒரு காரணம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் போனால் பாசி பிடித்த கல் அழகு, ஆனால் வழுக்கும். குடிதண்ணீர், பூச்சி மருந்து, நல்ல செருப்பு இதெல்லாம் உங்களுக்கே தெரியும். சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அது அலங்காரம் இல்லை. எல்லைப் பக்கம் தவிர, பயணிகள் போகும் கோயில்களைச் சுற்றிய இடங்களில் பெரும்பாலும் வெடி அகற்றியாகிவிட்டது, தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். சிறுநீர் கழிக்கப் புதருக்குள் போகும் பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். உடைந்த ஒரு கல்லுக்கு முன்னால் ஊதுபத்தியும் வாழைப்பழமும் இருந்தால் அது 'நெய்க் தா', அந்த இடத்தைக் காக்கும் தாத்தா. அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் கூட வந்த ஓட்டுநர் அதன்பின் உங்களோடு அதிகம் பேசமாட்டார்.

வரிசையைப் பற்றி ஒரு யோசனை. பெரும்பாலோர் புனோம் பென்னில் இறங்கி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கோயில்களுக்குப் போகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். முதலில் கோ கெர். பிரசாத் சென் மேற்கு வாசலில் யாருமில்லாத மண்டபத்துக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்கள், யார் எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு. அப்புறம் புனோம் பென். அங்கே அந்தச் சிவப்பு அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் பீமனும் துரியோதனனும் இருக்கிறார்கள். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் கணுக்காலைப் பாருங்கள்.